அலுமினிய பிளாக்கில் ஸ்டட்: எத்தனை என்எம் முறுக்கலாம்?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பட்டறை வேலை பழகியவர்களில் பெரும்பாலானோர் லாரி, பஸ் டீசல் எஞ்சினில் கை பழகியவர்கள். அந்த எஞ்சின்களின் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) வார்ப்பிரும்பு. கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலும் பொறுத்துக்கொள்ளும். போனால் போல்ட்தான் போகும். மாருதியின் கே வரிசை எஞ்சின் மாதிரி முழு அலுமினிய பிளாக், பைக்கின் கிராங்க்கேஸ், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் கரைகளில் ஃபைபர் வள்ளத்தில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் என்று வரும்போது அதே கை ஆபத்து. அங்கே ஸ்டட் (ஒரு முனை பிளாக்கில் இறங்கி, மறுமுனையில் நட் ஏறும், தலையில்லாத மரைக் கம்பி) உடைவதில்லை. பிளாக்கில் இருக்கும் மரை, கம்பிச்சுருள் மாதிரி ஸ்டட்டோடு சேர்ந்து வெளியே வருகிறது. ஸ்டட்டை மறுநாளே வாங்கிவிடலாம். பிளாக்கை அப்படி வாங்க முடியாது.

எஞ்சின் கம்பெனி அல்லாமல் வெளியார் செய்து விற்கும் ஆஃப்டர்மார்க்கெட் ஸ்டட் போடும்போது இந்த ஆபத்து கூடுகிறது, குறைவதில்லை. காரணம், அந்த ஸ்டட் ஒரிஜினல் போல்ட்டைவிட வலிமையானது. பாக்கெட்டில் வரும் டார்க் அட்டவணை இரண்டு வகை. ஒன்று, குறிப்பிட்ட ஒரு எஞ்சினுக்கென்றே கிட்டாக வருவது. அதில் அந்த பிளாக்கையும் கணக்கில் எடுத்து எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணை, அவர்கள் சொன்ன லூப்ரிகன்ட்டோடு அப்படியே பின்பற்றலாம். மற்றது பொது அட்டவணை: இந்த விட்டம், இந்த வலிமை, இந்த டார்க். அந்த எண் ஸ்டட் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. மரை எவ்வளவு தாங்கும் என்று அதற்குத் தெரியாது. சில்லறையாக வாங்கிய ஸ்டட்டுக்கு இந்தப் பொது அட்டவணையைப் பார்த்து முறுக்குவதுதான் பிளாக் போவதற்கு முதல் காரணம்.

டார்க் என்பது நாம் கொடுக்கும் முறுக்கு. நமக்கு வேண்டியதோ ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்து அழுத்தும் பிடிப்பு விசை. ஸ்பானரில் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, நட்டுக்கு அடியில் வாஷரோடு உரசுவதிலேயே போய்விடுகிறது. 40 சதவீதம் மரையின் உரசலில் போகிறது. மிச்சம் 10 சதவீதம்தான் ஸ்டட்டை இழுத்துப் பிடிப்பாக மாறுகிறது. உரசல் கொஞ்சம் குறைந்தாலே பிடிப்பு ஏகமாக ஏறும். கணக்கு எளிது: டார்க் = கே × விட்டம் × பிடிப்பு விசை. விட்டம் மீட்டரில், விசை நியூட்டனில் போட்டால் விடை நியூட்டன் மீட்டரில், அதாவது என்எம்மில் வரும். ‘கே’ என்பது உரசலைக் குறிக்கும் எண். எண்ணெய் இல்லாத உலர்ந்த மரைக்கு சுமார் 0.20, எஞ்சின் ஆயில் தடவினால் 0.15, மாலிப்டினம் பேஸ்ட் தடவினால் 0.11 என்று வைத்துக்கொள்ளலாம்.

எம்10 ஸ்டட்டை எடுத்துக்கொள்வோம். பிளாக்கில் இறங்கும் பக்கம் 1.5 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், மி.மீ.-இல்), நட் ஏறும் பக்கம் 1.25 பிட்ச். ஒரிஜினல் போல்ட் 10.9 கிரேடு (வலிமையைக் குறிக்கும் எண்), லேசாக ஆயில் தடவி 55 என்எம் என்று மேனுவல் சொல்கிறது என்று கொள்வோம். 55-ஐ 0.15 ஆலும் 0.010 ஆலும் வகுத்தால் பிடிப்பு விசை 36,700 நியூட்டன், அதாவது 36.7 கிலோநியூட்டன். எடைக்கணக்கில் மூன்றே முக்கால் டன். எஞ்சினைச் செய்தவர்கள் அந்த பிளாக்குக்கும், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டுக்கும் தேர்ந்தெடுத்த விசை இது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய எண் இதுதான், 55 அல்ல.

இப்போது அதே இடத்தில் ஈல்ட் வலிமை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை) 1,170 மெகாபாஸ்கல் உள்ள உயர்ரக ஸ்டட் போடுகிறோம். 1.25 பிட்ச் மரையின் குறுக்குப் பரப்பு 61.2 சதுர மி.மீ. அந்த ஸ்டட் 71 கிலோநியூட்டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். பொது அட்டவணை அதில் 75 சதவீதத்தை எடுத்து, 53 கிலோநியூட்டனுக்கு மேல் பிடிப்பு வருகிற மாதிரி, ஆயில் தடவினால் 80 என்எம் என்று சொல்லும். ஸ்டட்டுக்கு அது சரியான எண்.

பிளாக்கின் மரைக்கு வாருங்கள். எம்10, 1.5 பிட்ச் மரையில், ஸ்டட் இறங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டர் ஆழத்துக்கும் அலுமினியப் பக்கம் அறுபடக்கூடிய பரப்பு சுமார் 21 சதுர மி.மீ. வார்ப்பு அலுமினியத்தின் வெட்டு வலிமையை எச்சரிக்கையாக 140 மெகாபாஸ்கல் என்று கொண்டால், ஒரு மில்லிமீட்டர் மரை சுமார் 3 கிலோநியூட்டன் தாங்கும். முழு மரை 20 மி.மீ. பிடித்தால் 59 கிலோநியூட்டன். 12 மி.மீ. என்றால் 35. வெறும் 10 மி.மீ. என்றால் 29; ஒரிஜினல் டார்க்கே அங்கே போதும், மரை அறுந்துவிடும். எஃகில் விட்டத்தின் அளவு ஆழம் போதும், அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

53-க்கும் 59-க்கும் இடைவெளி இருக்கிறதே என்று தோன்றும். சூடு அதைத் தின்றுவிடும். அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. ஹெட் 100 மி.மீ. உயரம், எஞ்சின் 70 டிகிரி சூடேறுகிறது என்றால், ஹெட் ஸ்டட்டைவிட 0.07 மி.மீ. கூடுதலாக வளரப் பார்க்கும். ஸ்டட் அதைத் தடுத்துப் பிடிக்கும்; அந்தத் தடுப்பில் சுமார் 6 கிலோநியூட்டன் விசை கூடும். இது நாம் முறுக்காமலே ஏறும் பிடிப்பு. 53.7-உடன் 6 சேர்ந்தால் 59-ஐத் தொட்டாயிற்று. சூட்டில் அலுமினியத்தின் வலிமையும் சற்றுக் குறையும். போதாக்குறைக்கு, டார்க் ரெஞ்சை வைத்து எவ்வளவு கவனமாக முறுக்கினாலும், கிடைக்கும் பிடிப்பு விசை ஒரு ஸ்டட்டுக்கும் இன்னொன்றுக்கும் 25 சதவீதம் வரை கூடக்குறைய வரும். பத்து ஸ்டட்டில் ஏதாவது ஒன்று அந்தக் கூடுதல் பக்கம் போய் நிற்கும். அந்த ஒன்றுதான் பிடுங்கிக்கொண்டு வருவது. பட்டறையில் முறுக்கும்போது ஒன்றும் தெரியாமல், இரண்டு நாள் ஓடி சூடேறி ஆறியபின் நட் தளர்ந்து கிடப்பதன் பின்னணி இது.

ஒரிஜினல் விசையான 36.7-ஐ வைத்தே கணக்குப் போட்டால்: 25 சதவீதம் கூடினாலும் 46, சூட்டில் 6 சேர்ந்து 52. 20 மி.மீ. மரையின் 59-க்குள் நிற்கிறது. ஆகவே விசையை மாற்ற வேண்டாம். மாலிப்டினம் பேஸ்ட் போடும் ஸ்டட்டுக்கு அந்த விசை கிடைக்க வேண்டிய டார்க் 0.11 × 0.010 × 36,700 = 40 என்எம். ஆக ஒரிஜினல் போல்ட்டுக்கு 55, வலிமையான ஸ்டட்டுக்கு 40. கேட்பவர்கள் நம்ப மறுக்கும் இடம் இதுதான். ஸ்டட் வலிமை கூடியதால் டார்க் கூட வேண்டும் என்று மனது சொல்லும். கூட்ட வேண்டியது டார்க்கை அல்ல. வலிமையான ஸ்டட்டால் நமக்குக் கிடைக்கும் லாபம் வேறு: ஸ்டட் நீளாது, திரும்பத் திரும்பப் பயன்படும், முறுக்கும்போது அலுமினிய மரையில் ஒன்றும் சுழலாது. டர்போ போட்ட எஞ்சின், கேஸ்கெட் ஊதுகிறது என்ற உண்மையான தேவை இருந்தால் 10 சதவீதம் வரை கூட்டலாம். அதுவும் மரையின் ஆழத்தை அளந்த பிறகு.

ஒரிஜினல் போல்ட் ‘இத்தனை என்எம், பிறகு 90 டிகிரி’ என்ற வகையாக இருந்தால் அந்த டிகிரியை ஸ்டட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. அந்த போல்ட் ஈல்ட் எல்லை வரை நீளும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் விசை ஏறாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். உயர்ரக ஸ்டட் அப்படி நீளாது. அதே 90 டிகிரி திருப்பினால் விசை ஏறிக்கொண்டே போய் மரையில் முடியும்.

அலகிலும் ஒரு கண் இருக்கட்டும். வெளிநாட்டு ஸ்டட்டின் அட்டவணை ஃபுட் பவுண்டில் இருக்கும். பழைய மேனுவல்கள் கேஜி-மீட்டரில் இருக்கும். 1 ஃபுட் பவுண்ட் 1.356 என்எம், 1 கேஜி-மீட்டர் 9.81 என்எம். 40 என்ற எண்ணை ஃபுட் பவுண்ட் அளவுகோலில் வைத்துவிட்டால் 54 என்எம் விழும். மாலிப்டினம் தடவிய மரையில் அது 49 கிலோநியூட்டன்.

இனி வேலை. முதலில் மரையின் உண்மையான ஆழம். துளையின் ஆழம் வேறு, மரையின் ஆழம் வேறு. வெர்னியரின் ஆழக்கம்பியால் துளையை அளக்கவும். ஸ்டட்டைக் கையால் கடைசி வரை இறக்கி எத்தனை சுற்று என்று எண்ணவும், சுற்றை 1.5-ஆல் பெருக்கினால் பிடிக்கும் ஆழம் வந்துவிடும். மேல்முனையில் சரிவு வெட்டிய பகுதி, ஏற்கெனவே சிதைந்த முதல் மரை ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். அவுட்போர்டில் வெள்ளைப் பொடி பூத்த மரையைப் பாதி வலிமைக்குமேல் நம்பக் கூடாது. கடல் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டை ஒட்டிய துளைகளில் அலுமினியம் உள்ளுக்குள் தின்னப்பட்டிருக்கும்.

மரையைச் சுத்தம் செய்ய வெட்டும் டேப் போடாதீர்கள். அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அலுமினியத்தைச் சீவி எடுக்கும். மரை சுத்தம் செய்யவென்றே விற்கும் சேசர் போடலாம். கிடைக்காவிட்டால் அதே பிட்சில் ஒரு நல்ல பழைய போல்ட்டில் நீளவாக்கில் மூன்று காடி அறுத்து, பிசிறு எடுத்து, அதையே கையால் ஏற்றி இறக்கலாம். பிறகு பிரேக் கிளீனர் அடித்து, துணியால் துளையை மூடிக்கொண்டு காற்று அடியுங்கள். துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ ஒரு சொட்டுகூட நிற்கக் கூடாது. ஸ்டட் இறங்கும்போது அடியில் மாட்டிய திரவம் அமுங்காது; அழுத்தம் போக வழியில்லாமல் பிளாக்கின் சுவரைப் பிளந்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. திறந்து வைத்த பிளாக்கில் இரவு ஈரம் இறங்கியிருக்கும். ஹெட் மாட்டும் அன்று காலையில் மறுபடியும் காற்று அடிப்பது நல்லது.

ஸ்டட்டை பிளாக்கில் கையால் மட்டும் இறக்க வேண்டும். ஆலன் கீ குழி இருந்தால் கீயின் குட்டைப் பக்கத்தை விரலால் பிடித்துத் திருப்பும் அளவு போதும். இரண்டு நட்டைப் பூட்டி ஸ்பானர் போட்டு இறுக்கும் பழக்கம் இரும்பு பிளாக்கில் வந்தது. அலுமினியத்தில் அப்படி இறுக்கினால் ஸ்டட்டின் மரை முடியும் இடம் துளையின் வாயில் ஆப்பு மாதிரி ஏறி வெடிப்பு விடும். அடியைத் தொட்டதும் கால் சுற்று பின்னால் எடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முனை உருண்டையாகச் செய்த ஸ்டட் என்றால் தேவையில்லை. துளை தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் திறந்தால் அந்த மரைக்கு மட்டும் சீலன்ட் பூசவும். மரைப்பூட்டுத் திரவம் போடுகிறீர்கள் என்றால், அது உறையும் முன்பே நட்டை முழு டார்க்குக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் ஸ்டட் கோணலாக உறைந்து, ஹெட் துளையில் உரசும்.

துளையின் வாயைக் கவனியுங்கள். முதல் மரை டெக் (ஹெட் உட்காரும் பிளாக்கின் மேல்முகம்) மட்டத்திலேயே தொடங்கினால், முறுக்கும்போது அது மேலே இழுபட்டு சின்ன மேடு கட்டும். நேர்விளிம்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் துளையைச் சுற்றி வளையமாகத் தெரியும். கேஸ்கெட் அங்கே உட்காராது. வாயில் ஒன்று, ஒன்றரை மி.மீ. சரிவு வெட்டி மரையைக் கீழே தள்ள வேண்டும்.

சந்தேகமான பிளாக்கில் ஹெட் மாட்டும் முன் சோதிக்க ஒரு வழி உண்டு. ஹெட்டின் உயரத்துக்கு ஒரு தடித்த எஃகுக் குழாய், இரண்டு முனையும் லேத்தில் நேராக முகம் எடுத்தது, உள்துளை 12 மி.மீ. டெக்கில் தடம் விழாதிருக்க அடியில் ஒரு அலுமினியத் தகட்டு வாஷர். ஸ்டட்டை இறக்கி, குழாயை மாட்டி, கடின வாஷர், நட் போட்டு 10, 20, 30, 40 என்எம் என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் நட்டின் ஒரு முனையில் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டு எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். முதல் படியில் இடைவெளிகள் அமுங்கும், அதை விட்டுவிடலாம். அதன்பின் ஒவ்வொரு 10 என்எம்முக்கும் கோடு ஏறக்குறைய சம தூரம், இருபது இருபத்தைந்து டிகிரி நகர வேண்டும். 30-இலிருந்து 40-க்குப் போகும்போது கோடு இரண்டு மடங்கு நகர்ந்தால், ரெஞ்ச் ‘கிளிக்’ சொல்லத் தயங்கினால், கையில் ரப்பரை முறுக்குவது போன்ற மெத்தென்ற உணர்வு வந்தால், மரை உள்ளே சாய ஆரம்பித்துவிட்டது. அங்கேயே நிறுத்துங்கள். பிடுங்கிய பிறகு இன்சர்ட் (துளையைப் பெரிதாக்கி உள்ளே ஏற்றும் எஃகுச் சுருள் மரை) போடுவதைவிட, பிடுங்கும் முன் இன்சர்ட் போடுவது சுலபம். நன்றாக ஏறினால் 45 வரை ஒருமுறை கொண்டுபோய்த் தளர்த்தலாம்; அந்த மரையை நம்பலாம்.

ஹெலிகாயில் இன்சர்ட் பற்றி இங்கே ஒரு தவறான பயம் உண்டு, ஒட்டுப்போட்ட மரை தாங்காது என்று. ஒழுங்காகப் போட்டால் அது அசல் அலுமினிய மரையைவிட நன்றாகத் தாங்கும். எம்10 இன்சர்ட்டின் வெளிவிட்டம் ஏறக்குறைய 12 மி.மீ.; அலுமினியத்தைப் பிடிக்கும் பரப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது. நீளம் விட்டத்தின் இரண்டு மடங்கு, அதாவது 20 மி.மீ. இன்சர்ட்டே வாங்குங்கள். துளையை டிரில் பிரஸ்ஸிலோ மில்லிங்கிலோ நேராக எடுக்க வேண்டும்; ஹேண்ட் டிரில்லால் எடுத்த துளை சாய்ந்தால் ஸ்டட் சாயும். இன்சர்ட்டின் மேல்முனை துளையின் வாய்க்கு அரை மரை கீழே நிற்க வேண்டும். அடியிலுள்ள வால் துண்டை உடைத்து வெளியே எடுக்காமல் விடக் கூடாது. இரண்டு ஸ்டட் பிடுங்கிய பிளாக்கில் மிச்சம் எட்டையும் நம்பி விடுவது வீண் செலவு. பத்துக்கும் போட்டுவிடுங்கள்.

கடற்கரைப் பட்டறைகளில் துருப்பிடிக்காத ஸ்டீல் ராடில் லேத்தில் கடைந்த ஸ்டட் போடுவது சகஜம். துருவுக்குப் பயந்து செய்வது, நோக்கம் சரி. சாதாரண ஏ2-70 வகையின் ஈல்ட் வலிமை 450 மெகாபாஸ்கல். எம்8-இல் 75 சதவீதம் எடுத்தால் 12 கிலோநியூட்டன்தான் பாதுகாப்பாகக் கிடைக்கும், 10.9 கிரேடு ஸ்டட் தருவது ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. ஹெட்டுக்கு அது போதாது. அதை அறியாமல் 10.9-இன் டார்க் கொடுத்தால் ஸ்டட் நீண்டு, கேஸ்கெட் கசியும். ஸ்டெயின்லெஸ் நட் ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் உலர்ந்து ஏறினால் பாதியில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். டார்க் ரெஞ்ச் முழு எண்ணைக் காட்டும், பிடிப்பு ஒன்றும் இருக்காது. உப்புத் தண்ணீர் படும் இடத்தில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தொட்டால் அரிபடுவது அலுமினியம்தான். எக்ஸாஸ்ட் கவர், பிராக்கெட் மாதிரி இடங்களுக்கு, மரை ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தாராளமாகப் பூசிப் போடலாம். ஹெட்டுக்கு, மரை உருட்டிச் செய்த பூச்சுள்ள எஃகு ஸ்டட்டே வேண்டும். ஆன்டி-சீஸும் லூப்ரிகன்ட் மாதிரியே உரசலைக் குறைக்கும் என்பதால் உலர்ந்த டார்க்கை அங்கே போடக் கூடாது.

முறுக்கும் முறை: எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேஸ்ட் நட்டின் மரையிலும் நட்டின் அடிமுகத்திலும். வாஷருக்கும் ஹெட்டுக்கும் இடையே வேண்டாம். வாஷர் ஹெட்டோடு சேர்ந்து நிற்க வேண்டும், நட்தான் சுழல வேண்டும். வாஷர் கடினப்படுத்திய, இருபுறமும் மட்டமான வகை. சாதாரண வாஷர் அலுமினியத்தில் அமுங்கி பிடிப்பை இழக்கும். நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் 15, 28, 40. ஒவ்வொரு படியிலும் ரெஞ்சை நிறுத்தாமல் ஒரே இழுப்பில், மெதுவாக. ஸ்டட் போடும் எஞ்சினில் போர் ஹோனிங் (சிலிண்டர் துளையின் உட்சுவரைத் தேய்த்து நேர்த்தி செய்வது) இருக்கிறது என்றால், அதே ஸ்டட்டில் அதே டார்க்கில், ஹெட்டுக்குப் பதிலாக மாட்டும் தடித்த தகடான டார்க் பிளேட் மாட்டித்தான் ஹோன் செய்ய வேண்டும். அலுமினிய பிளாக்கின் சிலிண்டர் வாய் அந்த இழுப்பில் கண்ணுக்குத் தெரியாமல் கோணும்.

டார்க் ரெஞ்ச் அதன் முழு அளவில் 20 சதவீதத்துக்குக் கீழே நம்பத்தகுந்ததல்ல. 200 என்எம் ரெஞ்சில் 40 வைப்பது விளிம்பு. 10–60 ரெஞ்ச் ஒன்று தனியாக வாங்குவது அலுமினிய வேலைக்கு அவசியம். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்தபட்ச எண்ணுக்குத் தளர்த்தி வையுங்கள்.

மீள்முறுக்கு கேஸ்கெட்டைப் பொறுத்தது. பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுக்குப் பொதுவாக வேண்டாம். காம்போசிட் கேஸ்கெட் என்றால் ஒருமுறை முழுச்சூடேற்றி, இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் ஒவ்வொரு நட்டாகக் கால் சுற்று தளர்த்தி மறுபடியும் 40-க்கு ஏற்ற வேண்டும். தளர்த்தாமல் அப்படியே ரெஞ்ச் வைத்தால், நின்றுபோன உரசல் ‘கிளிக்’ கொடுத்துவிடும். உள்ளே பிடிப்பு குறைந்திருப்பது தெரியாது. மீள்முறுக்கில் எல்லா நட்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து நிற்க, ஒன்று மட்டும் கூடுதலாகத் திரும்பினால் அதன் அடியிலுள்ள மரையைச் சந்தேகப்படுங்கள். பயன்படுத்திய பேஸ்ட்டின் பெயரையும் டார்க்கையும் அலகோடு எழுதி வால்வ் கவரின் உள்பக்கம் ஒட்டிவிட்டால், அடுத்து திறப்பவர் பழைய மேனுவலின் 55-ஐ வைக்க மாட்டார்.